அழித்துக் காட்டி விற்ற புத்தகம்

பல்லாரட் என்ற ஊரில் பழைய புத்தகக் கடை வைத்திருந்த ரோவீனா ஹேலட்டை வாடகை துரத்தித் துரத்தி இணையத்துக்குள் தள்ளிவிட்டது. கார் நிறுத்தும் கொட்டகை முழுக்கப் புத்தகங்கள். விற்பதெல்லாம் ஓர் இணையச் சந்தையில் இருந்த கணக்கின் வழியாகத்தான். அந்தக் கணக்குதான் அவளுக்குக் கடை, சோறு எல்லாம்.

செத்தவர்களின் வீட்டு நூலகத்தை மொத்தமாக வாங்குவது அவள் வழக்கம். அப்படி ஒரு தலைமை ஆசிரியரின் வீட்டுக்குப் போனபோது, பெட்டி பெட்டியாகப் புத்தகங்களோடு அவர் மகள் ஒரு மடிக்கணினியையும் கொடுத்தாள்.

"அப்பா கடைசி காலத்துல இதுலதான் படிச்சாரு. இதையும் சேத்து எடுத்துக்குங்க."

உள்ளே முந்நூறு மின்னூல்கள் இருந்தன. ரோவீனா தொழில் தெரிந்தவள். அதுவே வினையாகப் போயிற்று. காசு கொடுத்து வாங்கிய புத்தகம் வாங்கியவருடையது, அவர் போனால் வாரிசுடையது, வாரிசு விற்றால் எனக்கு என்று காகிதத்தின் நியாயத்தைத் தூக்கிக்கொண்டு கணினிக்குள் நுழைந்தாள். மின்னூலுக்குக் கொடுக்கும் காசு படிக்கிற அனுமதிக்கு மட்டும்தான், விற்கிற உரிமைக்கு இல்லை என்று யாரும் படிக்காத பொடி எழுத்தில் போட்டிருக்கிறார்கள். அவளும் படிக்கவில்லை.

ஆனால் நேர்மை என்றால் அப்படியொரு நேர்மை. ஒரு புத்தகம் விற்றால் அலமாரியில் ஓர் இடம் காலியாக வேண்டாமா? ஐந்து டாலருக்கு மின்னூல் வாங்கியவரை வீடியோவில் கூப்பிடுவாள். கணினிக் கோப்பாக அதை அனுப்புவாள். பிறகு அவர் கண்ணெதிரே தன் பிரதியை அழித்து, கணினியின் குப்பைத்தொட்டியையும் காலி செய்து காட்டுவாள். கல்கூர்லி தங்கச் சுரங்கத்தில் லாரி ஓட்டும் டேரில், ஒரு துப்பறியும் நாவல் வாங்கியபோது விழுந்து விழுந்து சிரித்தான்.

"என்ன ரோ, புத்தகத்துக்குக் கருமாதி பண்றீங்களா?"

"சிரிக்காதீங்க டேரில். இனிமே அது என்கிட்ட இல்ல, உங்ககிட்ட இருக்கு. அதுக்குப் பேர்தான் வியாபாரம்."

அந்த நாவலை எழுதியவர் காலின் ட்ரெம்பத், ரோவீனாவின் ஊர்க்காரர். காலையில் காபிக்கு முன்பே தன் பெயரைத் தானே இணையத்தில் தேடிப் பார்க்கும் ஜாதி. தன் முதல் நாவல் ஐந்து டாலருக்கு விற்றுப்போனதைப் பார்த்தார். ரோவீனா திருடி என்று சந்தைக்குப் புகார் பறந்தது. சந்தை அவள் கணக்கை முடக்கியது. வெள்ளிக்கிழமைக்குள் காலின் புகாரைத் திரும்பப் பெறாவிட்டால் நிரந்தர மூடல். மிச்சமிருக்கும் மின்னூல்களையும் அழிக்கச் சொன்னது. அழித்தாள்.

அன்றைக்கே காலின் வீட்டுக் கதவைத் தட்டினாள். கெஞ்சத்தான் போனாள். வாய் சும்மா இருந்தால்தானே?

"இருபது வருஷமா என் கடையில ரெண்டு டாலர் புத்தகமாப் பொறுக்கினியே காலின், அதை எழுதினவங்களுக்கெல்லாம் நீ என்ன அனுப்பின?"

"அது காகிதம் ரோ. கிழியும், மக்கும். இது அப்படியே கிடக்கும்."

"உன் புத்தகத்தை எவனாவது பிரிச்சாத்தானே கிழியறதுக்கு!"

கதவு அடைத்துக்கொண்டது.

வியாழக்கிழமை மத்தியானம் காலினே கொட்டகைக்கு வந்து நின்றார், முகம் பேயடித்தாற்போல. சிட்னியில் ஒரு தொலைக்காட்சிக் கம்பெனி அந்த முதல் நாவலைத் தொடராக எடுக்கக் கேட்கிறதாம். அதுவோ மின்னூலாக மட்டும் வந்தது. பதிப்பித்த மெல்போர்ன் கம்பெனி இழுத்து மூடிவிட்டது. அவருடைய பிரதி பழைய கணினியோடு செத்துப்போயிற்று. எந்த இணையக் கடையிலும் இல்லை.

"அந்தக் கோப்பை எனக்கு அனுப்பு ரோ. இந்த நிமிஷமே புகாரை வாபஸ் வாங்கிடறேன்."

"என்கிட்ட இல்ல. வித்தப்பவே அழிச்சிட்டேன்."

"சும்மா சொல்லாத. ஒரு காப்பி ஒளிச்சு வெச்சிருப்ப."

"நீதானே என்னைத் திருடின்னு எழுதின?"

"ஆமா! திருடின்னா ஒண்ணாவது வெச்சிருக்க வேண்டாமா?"

அவளுக்குச் சிரிப்பும் வரவில்லை, அழுகையும் வரவில்லை. உண்மையிலேயே திருடியிருந்தால் இந்நேரம் கடை பிழைத்திருக்கும். மிஞ்சியிருந்தது டேரில் ஒருவன்தான். அவனுக்கும் சந்தை காசைத் திருப்பிக் கொடுத்து, கோப்பை அழிக்கச் சொல்லியிருந்தது. அவள் டேரிலைக் கூப்பிட்டாள். தன் வாடிக்கையாளன் அயோக்கியனாக இருக்க வேண்டுமே என்று வாழ்க்கையில் முதல்தடவையாக வேண்டிக்கொண்டாள்.

"டேரில், அந்த நாவலை அழிச்சிட்டீங்களா?"

"அழிக்கிறதா! இந்த நாட்டுலயே அழிக்கிற ஒரே ஆள் நீங்கதான் ரோ. நாங்க தங்கியிருக்கிற சுரங்க முகாம்ல பாதிப் பேருக்குக் குடுத்தாச்சு. சமையல்காரனுக்குத்தான் முடிவு பிடிக்கலையாம்."

காலின் போனைப் பிடுங்காத குறையாக வாங்கினார். "பாதி முகாம் படிச்சுதா? நிஜமாவா? ஏம்ப்பா, முடிவு ஏன் பிடிக்கலையாம்?"

கோப்பு வந்து சேர்ந்தது. திருட்டுப் பிரதி என்று ஒன்று ரோவீனாவின் கை வழியாகத் தெரிந்தே போனது அதுதான் முதல்முறை. அவள் அதைக் காலினுக்கு அனுப்பினாள். அவர் கண் கலங்கி நன்றி சொன்னார். பிரதி எடுத்துப் பரப்பிய டேரிலுக்கும் அடுத்த நாவலில் நன்றி போடுவதாக வாக்குக் கொடுத்தார். அங்கேயே நின்று புகாரையும் வாபஸ் வாங்கினார். பழக்கதோஷத்தில் அவள் கை அழிக்கப் போனது.

"ஐயோ, அழிச்சுத் தொலைக்காத! ஒண்ணு உன்கிட்டயும் கிடக்கட்டும், பத்திரமா."

அழிக்காமல் விட்டாள்.

காலின் போனபிறகு சந்தையிடமிருந்து தகவல் வந்தது. புகார் திரும்பப் பெறப்பட்டதால் கணக்கைத் திறக்கிறார்களாம். "இனிமேலாவது நேர்மையாக வியாபாரம் செய்வேன்" என்று ஒரு வரி. அதன் கீழே "உறுதியளிக்கிறேன்" என்று ஒரு பொத்தான். அதை அழுத்தினால்தான் கடை திறக்கும்.

இத்தனை நாளும் நான் என்னத்தைச் செய்தேன் என்று எழுதிக் கேட்க அங்கே இடம் விட்டிருக்கிறார்களா என்று தேடிப் பார்த்தாள். விடவில்லை.

பொத்தானை அழுத்தினாள்.