கொசு வளர்க்கும் வீடு

கொசுவை வைத்தே கொசுக்காய்ச்சலை அடக்கிவிட்டார்கள் என்று டெலிவிஷனில் சொன்னபோது நான் சோயா வில்லையான தெம்பே பொரித்துக்கொண்டிருந்தேன். நம் ஊர் யோக்யகர்த்தாவைப் பார்த்து உலகமே வாயைப் பிளக்கிறதாம். செய்தி வாசித்த பெண்ணுக்கு முகமெல்லாம் சிரிப்பு. கொசுவின் உடம்புக்குள் ஏதோ ஒரு கிருமியைக் குடிவைத்துவிட்டால் டெங்கு அதற்குள் வளர முடியாதாம். அந்தக் கொசுக்களை ஊருக்குள் விட்டால், அவை பழைய கொசுக்களோடு கூடிப் பெருகி, எல்லாக் கொசுவும் அப்படியே ஆகிவிடுமாம். விட்ட பகுதிகளில், நாலு பேருக்கு வரவேண்டிய காய்ச்சல் ஒருவருக்குத்தான் வந்திருக்கிறது. என் வீட்டுக்காரர் பர்திமான் எழுந்து போய் டெலிவிஷனை அணைத்தார். நான் தெம்பேயைத் திருப்பிப் போட்டேன்.

எங்கள் சந்து ஆற்றை நோக்கி இறங்கும் சந்து. எதிர்வரிசை வீடுகள் கொசு விட்ட பகுதி, எங்கள் வரிசை விடாத பகுதி. ஒரு வீட்டு ஜன்னலிலிருந்து எதிர்வீட்டுக்கு உப்புக் கிண்ணத்தை நீட்டலாம், அவ்வளவுதான் அகலம். எந்தப் பக்கம் விடுவது என்று சமூகக் கூடத்தில் எல்லார் முன்னாலும் பந்தைக் குலுக்கி எடுத்தார்கள். பர்திமானும் போயிருந்தார். எங்கள் பக்கத்துக்கு விழவில்லை என்றதும் நம் ஆட்கள் கை தட்டினார்களாம். பின்னே, வேலை மெனக்கெட்டுக் கொசுவைக் கொண்டுவந்து விடுகிறேன் என்றால் யாருக்குத்தான் பிடிக்கும்? பக்கத்து வீட்டு ருபினெம் அன்று சாயங்காலம் தட்டு நிறைய வாழைப்பழம் பொரித்துக்கொண்டு வந்தாள். "தப்பிச்சோம்டி, எதிர்வரிசைக்காரங்க சொறிஞ்சுக்கிட்டே கிடக்கட்டும்" என்றாள். நானும் இரண்டு தின்றேன்.

அதற்கு அடுத்த மழைக்காலத்தில் என் மகள் கினாசிக்குக் காய்ச்சல் வந்தது. ஒன்பது வயது. நாலாம் நாள் காய்ச்சல் விட்டது. கறி உருண்டை போட்ட பக்சோ சூப் வேண்டும் என்று கேட்டாள், வாங்கிக் கொடுத்தோம். பிழைத்துக்கொண்டாள் என்று பர்திமான் கடைக்குக்கூடப் போய்விட்டார். காய்ச்சல் விட்ட பிறகுதான் அந்த நோய் ஆளை எடுக்கும் என்று எங்களுக்கு யார் சொன்னார்கள்? மறுநாள் கை கால் சில்லிட்டுப் போனது. அதற்கு மேல் சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை. பல் பிடுங்க ஊசி போட்ட ஈறு மாதிரி இருக்கிறது, இன்றைக்கும். அங்கே வாய் இருக்கிறது என்று தெரியும், கடித்தால் வலிக்காது.

செய்தி வந்து சில வாரம் கழித்து, சந்துத் தலைவர் பாக் குன்சோரோ வீட்டுக்கு வந்தார். கூடவே ஆராய்ச்சிக்காரர்களின் ஆள் ஒருவர், டானாங் என்று பெயர், கையில் மூடி போட்டு மேல்விளிம்பில் துளையிட்ட வெள்ளை பக்கெட். பலன் தெரிந்துவிட்டதால் விடாத பகுதிகளுக்கும் இப்போது கொசு தருகிறார்களாம். பக்கெட்டில் தண்ணீரும் முட்டை ஒட்டிய ஒரு சிறு துணித் துண்டும் இருக்கும். யாராவது தங்கள் வீட்டில் வைத்துக்கொண்டால் போதும், குஞ்சு பொரித்துத் தானாகப் பறந்துவிடும்.

"இபு விகாதி, நம்ம வரிசையில யாரும் வாங்க மாட்டேங்குறாங்க" என்றார் பாக் குன்சோரோ, அம்மா என்கிற மரியாதையில். "விகாதி வீட்டுல வெச்சா நாங்களும் வெக்கிறோம்னு சொல்றாங்க. நீங்க வேணாம்னா ஒரு பக்கெட்கூட உள்ள வராது. சந்துல இத்தனை பிள்ளைங்க இருக்கு."

"அன்னைக்கு கை தட்டினவங்க வீட்டுல முதல்ல வெக்கச் சொல்லுங்க."

அவரும் தட்டியவர்தான். டீ கிளாசைக் குனிந்து பார்த்துக்கொண்டார்.

டானாங் பேச்சை மாற்றுகிறேன் என்று ஆரம்பித்தார். "பெரிய வேலை இல்ல இபு. நிழல்ல வெக்கணும், கொட்டிடக் கூடாது, அவ்வளவுதான். பக்கெட் வெச்சுக்கிறவங்களை நாங்க வளர்ப்பு அப்பா அம்மான்னுதான் சொல்லுவோம்…" சொல்லி முடிப்பதற்குள் அவருக்கே காது சிவந்துவிட்டது.

"கொசுவுக்கா?" என்றேன்.

"ஆமா இபு. கொசுவுக்கு."

பர்திமான் சிரித்தார். அவர் சிரித்துக் கேட்டு வெகுநாள் ஆயிற்று, கேட்க நன்றாகவே இல்லை. எனக்குக் கோபம் வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை.

"மாஸ், ஒண்ணு கேக்குறேன், நேரா சொல்லு" என்றேன் டானாங்கிடம். "பந்து எங்க பக்கம் விழுந்திருந்தா என் பொண்ணு இருந்திருப்பாளா?"

"தெரியாது இபு. நாலுல மூணு பேருக்கு வரலன்னு சொல்லலாம். அந்த மூணு பேர் யாருன்னு யாராலயும் சொல்ல முடியாது."

"கிளினிக்ல அவ ரத்தத்தை எடுத்தீங்களே."

"எடுத்தோம். வந்தவங்க எல்லாருக்கும் எடுத்தோம். எந்தப் பக்கம் வீடுன்னு கேட்டோம். விடாத பக்கத்துல இத்தனை பேருக்கு, விட்ட பக்கத்துல இத்தனை பேருக்குன்னு பாத்துத்தானே இபு, இது வேலை செய்யுதுன்னே தெரிஞ்சது."

"அப்போ அந்தக் கணக்குல அவளும் இருக்கா."

அவர் பர்திமானைப் பார்த்தார், பாக் குன்சோரோவைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்து, "இருக்காங்க இபு" என்றார். பொய் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை, அது ஒன்றுதான் எனக்குப் பிடித்தது.

"வெச்சிட்டுப் போ" என்றேன். ஏன் சொன்னேன் என்று தெரியவில்லை. மாட்டேன் என்று சொல்வதற்கு உடம்பில் தெம்பு வேண்டும். சரி என்று சொல்ல ஒன்றும் வேண்டாம்.

கொய்யா மரத்தடியில் பக்கெட்டை வைத்து, மூடிமேல் ஒரு செங்கல்லையும் வைத்துவிட்டுப் போனார். அந்த வாரமே எங்கள் வரிசையில் எல்லா வீட்டுக்கும் பக்கெட் வந்தது. காலையில் துணி துவைக்கப் போகும்போது மூடியைக் கொஞ்சம் தூக்கிப் பார்ப்பேன். முதலில் தண்ணீர் சும்மா இருந்தது. பிறகு தூசி மாதிரி. பிறகு தூசி நெளிந்தது. தலைகீழாகத் தொங்கிக்கொண்டு, நிழல் விழுந்தால் உடனே அடியில் போய் ஒளிந்துகொள்ளும். "பாத்துக்கிட்டே நின்னா பொழுது போயிடும், வா" என்று பர்திமான் இரண்டு முறை கூப்பிட்டார். எனக்கு அதில் பாசமும் இல்லை, வெறுப்பும் இல்லை. பார்த்தேன், அவ்வளவுதான்.

அந்தச் சமயம்தான் கினாசி போன ஆயிரமாவது நாள் வந்தது. அன்றோடு கல்லறைக்குக் கல் பதித்துவிடுவோம், அதற்குப் பிறகு வீட்டில் சடங்கு கிடையாது. சாயங்காலம் ஆண்கள் துவா ஓத வருவார்கள். காலையிலிருந்தே சந்துப் பெண்கள் சமைக்க வந்து குவிந்துவிட்டார்கள். எங்கள் ஊர் வழக்கம் அது. விசேஷ வீட்டுக்காரியை உட்காரவைத்துவிட்டு அடுப்பையும் முற்றத்தையும் அவர்களே எடுத்துக்கொள்வார்கள். ஒருத்தி அரிசிமாவு அப்பெம் வார்த்தாள், ஒருத்தி கோழியை முழுசாக வேகவைத்தாள், ருபினெம் எல்லாரையும் விரட்டினாள்.

ருபினெம்தான் எங்கள் வரிசையின் கொசுப்புழுக்காரி. வெள்ளிக்கிழமை தவறாமல் டார்ச்சோடு வீடு வீடாகப் போய், தொட்டியில் எட்டிப் பார்த்து, பூச்சட்டித் தட்டை முகர்ந்து, புழு இருந்தால் அங்கேயே கொட்டிவிட்டு வீட்டுக்காரியையும் நாலு வார்த்தை திட்டிவிட்டு வருகிறவள். முற்றம் பெருக்கும்போது செங்கல் சரிந்து மூடி விலகியிருக்கிறது. வாய் யாருடைய மருமகளைப் பற்றியோ பேசிக்கொண்டிருந்தது, கண் புழுவைப் பார்த்தது. அவள் கை அவளைக் கேட்கவே இல்லை.

பக்கெட் உருளும் சத்தம் கேட்டு எழுந்து வந்தேன். சிமெண்ட் தரையில் தண்ணீர் பரவி, சாக்கடைப் பக்கம் ஓடிக்கொண்டிருந்தது.

"ஐயையோ விகாதி, கை பழக்கம்டி" என்றாள் ருபினெம். "வெறும் பக்கெட்டோட நிக்கிறேன் பாரு. விடு, டானாங்கிட்ட சொன்னா நாளைக்கே வேற முட்டை கொண்டுவந்து குடுப்பாரு."

நான் தரையில் உட்கார்ந்துவிட்டேன். கொட்டாங்குச்சி அகப்பையால் சாக்கடை வாயை அடைத்தேன். கண்ணில் பட்ட கிண்ணத்தில் தண்ணீர் எடுத்துக்கொண்டு, ஈரத்தைக் கையால் வழித்து வழித்து அதில் விட்டேன். சிமெண்ட் வெடிப்புக்குள் போனவற்றை நகத்தால் எடுத்தேன். வெயில் வந்துகொண்டிருந்தது, ஈரம் சுருங்கிக்கொண்டே போனது.

"துணியை எல்லாம் சேறாக்கிக்கிறியே. இதுங்க என்ன, அன்னைக்குக் கடிச்ச அதே ஜாதிதானே" என்றாள் ருபினெம். சொல்லிவிட்டு வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

"அதே ஜாதிதான். தள்ளு, உன் நிழல் விழுது, எனக்குக் கண்ணு தெரியல."

பெண்கள் அடுப்பை விட்டுவிட்டு வந்து நின்றார்கள். எதுவோ தீய்ந்த வாசனை வந்தது. யாரோ ஒருத்தி குந்தி உட்கார்ந்து தேக்கரண்டியால் அள்ள ஆரம்பித்தாள். பிறகு இன்னொருத்தி. பர்திமான் மயானத்திலிருந்து வந்து, கையில் சிமெண்ட் காயாமல் அப்படியே நின்று பார்த்தார்.

"கல்லு வெச்சாச்சு" என்றார். "நேரா நிக்குது."

கிண்ணத்தில் கொஞ்சம் நெளிந்தது. என் உள்ளங்கையில் ஒன்று நெளியவில்லை. ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டேன். விரலால் தொட்டேன். தூக்கிப் போட்டுவிட்டு எழுந்திரு என்று பர்திமான் இரண்டு தடவை சொன்னார். சாயங்காலம் வாசலில் ஆண்கள் செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்டபோதும் நான் அதைக் கையிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.