விசில் எப்போது நின்றது

அந்த வீட்டில் குக்கர் ஏழு மாதமாகப் பரண்மேல் கிடந்தது. உருளைக்கிழங்கு திறந்த பாத்திரத்தில் ஆற அமர வெந்தது. மூன்று கைப்பேசிகளும் சத்தமே போடாமல் மேசைமேல் நடுங்கிக்கொண்டிருந்தன. அதைப் பற்றி யாரும் மூச்சு விடவில்லை. சோபா தைக்கும் வீட்டுக்காரரும் சரி, கல்லூரியில் இரண்டாம் வருடம் படிக்கும் மகளும் சரி, கணீரக்காவின் முகத்தைப் பார்த்துத்தான் கரண்டியைக்கூடக் கீழே வைத்தார்கள்.

கணீரக்கா என்பது ஆம்புலன்ஸ் அழைப்பு மையத்தில் வைத்த பெயர். குரல் அப்படி. எதிர்முனையில் ஆள் பதறிப்போய்க் கத்திக்கொண்டிருந்தாலும், அந்தக் குரலைக் கேட்டதும் முகவரியை ஒழுங்காகச் சொல்லிவிடுவார். பதினாறு வருடம் நான்காம் நாற்காலியில் உட்கார்ந்து வேலை பார்த்தவள். புதிதாகச் சேர்ந்தவர்கள் எடுத்த அழைப்புகளைப் பதிவிலிருந்து கேட்டு மதிப்பெண் போடுவதும் அவள்தான். மதிப்பெண் விஷயத்தில் படு கஞ்சம் என்று பெயர்.

ஏழு மாதத்துக்கு முன் ஒரு காலை, ஒரு பெண் அழைத்தாள். கணவர் சமையலறையில் விழுந்துவிட்டார், மூச்சில்லை. பின்னால் குக்கர் விசில் அடித்துக்கொண்டிருந்தது. ஆம்புலன்ஸ் போய்ச் சேரும்வரை பதினொரு நிமிடம் கணீரக்கா அந்தப் பெண்ணுக்கு நெஞ்சை அழுத்தச் சொல்லிக்கொடுத்தாள். ஆள் பிழைக்கவில்லை. இப்படி எத்தனையோ அழைப்புகளை எடுத்துவிட்டு எழுந்து போய் டீ குடித்தவள்தான். இது மட்டும் போக மாட்டேன் என்றது. பத்து நாள் கழித்து அலுவலக உணவகத்தில் ஒரு குக்கர் விசில் அடித்தபோது, கையில் தட்டோடு மேசைக்கு அடியில் உட்கார்ந்திருந்தாள். எப்படி அங்கே போனாள் என்று அவளுக்கே தெரியவில்லை.

பிறகு தூக்கம் போனது. தொலைபேசி மணி கேட்டாலே நெஞ்சு அடித்துக்கொண்டது. மனநல மருத்துவர் மாத்திரை கொடுத்தார், தூக்கம் கொஞ்சம் திரும்பியது, விசில் பயம் திரும்பிப் போகவில்லை. அலுவலகத்திலிருந்து மரியாதையாக ஒரு கடிதம் வந்தது. மூன்று மாதத்துக்குள் பணிக்குத் தகுதி என்ற சான்று வராவிட்டால் கோப்பறைக்கு நிரந்தர மாற்றம்.

"கோப்பறையில உக்காந்து தூசி தட்ட நான் என்ன ஒட்டடைக் குச்சியா?" என்றாள் வீட்டுக்காரரிடம். ஏழு மாதத்தில் அவள் அடித்த முதல் நக்கல் அது. அவர் சிரித்துவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொள்ளத் தன் தையல் அறைக்குள் போய்விட்டார்.

மருத்துவர் அவளை ஓர் உளவியலாளரிடம் அனுப்பினார். சின்ன வயதுக்காரர். அறையில் இரண்டு நாற்காலி, ஒரு கடிகாரம், ஜன்னலில் வாடிய செடி. செடிக்கே தண்ணீர் ஊற்றாதவன் எனக்கு என்ன வைத்தியம் பார்க்கப்போகிறான் என்று நினைத்துக்கொண்டுதான் உட்கார்ந்தாள்.

"மூளையில பாதாம் பருப்பு மாதிரி அமிக்டலான்னு ஒண்ணு இருக்கு," என்றார் அவர். "ஆபத்துன்னா மணி அடிக்கிறது அதோட வேலை. பக்கத்துலயே ஹிப்போகாம்பஸ். அது பதிவு எழுதுறவர் மாதிரி. என்ன நடந்துச்சு, எங்க, எப்போன்னு குறிச்சு வைக்கும். மணி அளவுக்கு மீறி அடிச்சா இவர் தடுமாறிடுவார். சத்தம், பயம் எல்லாம் உள்ள போயிடும். நேரம் மட்டும் சரியா பதிவாகாது."

"அப்போ அந்தக் கால் இன்னும் லைன்லயே இருக்குங்கறீங்க."

அவர் இன்னும் இரண்டு உதாரணம் தயாராக வைத்திருந்தார். இரண்டையும் விழுங்கிக்கொண்டார்.

"அதேதான். நெத்திக்குப் பின்னாடி ஒரு பகுதி இருக்கு. 'ஒண்ணுமில்ல, வெறும் குக்கர்தான்'னு சொல்லி மணியை அடக்க வேண்டியது அது. அது பேச்சு இப்போ எடுபடல."

"எங்க மேலாளர் மாதிரி."

சிகிச்சையைச் சொன்னார். கண்ணை மூடிக்கொண்டு அந்த அழைப்பை முதலிலிருந்து சொல்ல வேண்டும். நடந்தது என்று சொல்லக்கூடாது, இப்போது நடக்கிறது என்றே சொல்ல வேண்டும். அதைப் பதிவு செய்து தினமும் வீட்டில் கேட்க வேண்டும். கூடவே குக்கரோடும் மணியோடும் கொஞ்சம் கொஞ்சமாகப் பழக வேண்டும்.

"ஆறாத புண்ணைக் கிளறச் சொல்றீங்களே தம்பி."

"ஆறாததாலதான் கிளறச் சொல்றேன். முதல் கொஞ்ச நாள் கஷ்டமா இருக்கும். நிறைய பேருக்கு அப்புறம் இறங்குது. உங்களுக்கு இறங்கும்னு உத்தரவாதம் தர முடியாது."

உத்தரவாதம் தராத ஆளை அவளுக்குப் பிடித்துப்போனது. அவளும் தொலைபேசியில் யாருக்கும் பிழைத்துவிடுவார் என்று சொன்னதில்லை.

முதல் முறை ஆறே நிமிடத்தில் சொல்லி முடித்தாள். "அழைப்பு ஏழு முப்பத்தொண்ணு. ஆண், ஐம்பத்து நாலு வயசு. சுயநினைவு இல்ல, மூச்சு இல்ல. வண்டி அனுப்பியாச்சு."

"இது நீங்க நிரப்புற படிவம்," என்றார் அவர். "நீங்க எங்க இருக்கீங்க இதுல?"

அவளுக்குச் சுருக்கென்றது. அடுத்த வாரம் படிவத்தை விட்டுவிட்டுச் சொன்னாள். காதில் ஹெட்செட்டின் பஞ்சு குத்துவதிலிருந்து, அந்தப் பெண் "ஏங்க, ஏங்க" என்று கணவரைக் கூப்பிடுவதுவரை. சொல்லி முடித்தபோது ரவிக்கை முதுகோடு ஒட்டியிருந்தது. வீட்டில் அந்தப் பதிவைக் கேட்கும்போது படுக்கையறைக் கதவைச் சாத்திக்கொள்வாள். வெளியே வீட்டுக்காரர் கையில் தண்ணீர்ச் செம்போடு காவல் நிற்பார். இரண்டு வாரம் யாரைப் பார்த்தாலும் எரிந்து விழுந்தாள். மூன்றாவது வாரம் கதவு பாதி திறந்திருந்தது.

குக்கர் பரணிலிருந்து இறங்கியது. முதலில் சும்மா மேடைமேல் இருந்தது, பிறகு விசில் எடையைப் போடாமல் அடுப்பில் ஏறியது. விசில் மட்டும் இன்னும் அடிக்கவில்லை.

ஆறாவது முறை அவள் சொல்லி முடித்ததும் அவர் தன் குறிப்பைப் பார்த்தார்.

"ஒரு சந்தேகம். ஆரம்பத்துல விசில் விடாம அடிக்குது. ஏழு விசில்னு எண்ணியே சொல்றீங்க. அப்புறம் அந்தம்மா மூச்சு வாங்குறதுகூட உங்களுக்குக் கேக்குது. விசில் எப்போ நின்னுச்சு?"

"தானா நின்னிருக்கும்."

"அடுப்பு எரியும்போது எப்படி?"

அவள் கண்ணைத் திறந்தாள். பதினாறு வருடம் ஊரையே கேள்வி கேட்டவளை இப்போது ஒருவர் கேட்கிறார்.

"நான்தான் நிறுத்தச் சொன்னேன்," என்றாள் கடைசியில். குரலில் கணீரைக் காணோம். "அவங்க கை நெஞ்சு மேல இருக்கு. அழுத்திக்கிட்டு இருக்காங்க. நான், 'அடுப்ப அணைச்சுட்டு வாங்க'ங்கறேன். எழுந்து போறாங்க. அவர் தனியா கிடக்கார். அவர் மேல யார் கையும் இல்ல. நான் அனுப்பிட்டேன் தம்பி. நான் கொன்னுட்டேன்."

இத்தனை மாதமாக வீட்டில் சொல்லாதது. மாத்திரை கொடுத்தவரிடம் சொல்லாதது. தனக்கே சொல்லிக்கொள்ளாதது.

"எவ்வளவு நேரம் போயிருந்தாங்க?"

"ரொம்ப நேரம். ரெண்டு நிமிஷம் இருக்கும்."

உங்கள்மேல் தவறில்லை என்று அவர் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அவள் அப்போதே எழுந்து போயிருப்பாள். "இந்த இடத்தை மட்டும் மறுபடி சொல்லுங்க," என்றார். அன்றைக்கு அந்த இடத்தை ஐந்து முறை சொன்னாள். ஐந்தாவது முறை அழுகை கொஞ்சம் களைத்துப்போயிருந்தது.

வீட்டில் முதல் நாள் அந்தப் பதிவைக் கேட்டு அழுதாள். இரண்டாம் நாளும் அழுதாள். மூன்றாம் நாள், மதிப்பெண் போடும் தாளையும் பென்சிலையும் எடுத்துக்கொண்டு உட்கார்ந்தாள். புதுப் பிள்ளைகளின் அழைப்பைக் கேட்கும் அதே பழக்கம், முதுகு நிமிர்ந்துவிட்டது. முகவரி வாங்கியது சரி. கட்டளை தெளிவு, சரி. அடுப்பை அணைக்கச் சொன்ன இடத்தை நான்காவது தடவை சொல்லும்போது பென்சில் நின்றது. பதிவைப் பின்னால் ஓட்டி மறுபடி கேட்டாள். அவளுடைய குரலே சொல்லிக்கொண்டிருந்தது: "நான் எண்ணுறது கேக்கலங்கறாங்க. விசில் வரும்போதெல்லாம் கையை எடுத்துட்டு 'என்ன, என்ன'ன்னு கேக்கறாங்க."

விசிலுக்கு விசில் கை நின்றிருக்கிறது. இதைச் சொன்னதே அவளுக்கு நினைவில்லை.

ஹாலுக்கு வந்து மகளைக் கூப்பிட்டாள். "போன்ல வினாடி பாக்கற கடிகாரம் இருக்கா?"

"எதுக்கும்மா?"

"சொன்னதைச் செய்."

தையல் அறையிலிருந்து ஒரு சோபா மெத்தையைத் தூக்கி வந்து சமையலறைத் தரையில் போட்டாள். குக்கரில் தண்ணீர் ஊற்றி, எடையையும் போட்டு, அடுப்பைப் பெரிதாக வைத்தாள். மகள் கைப்பேசியைத் தயாராகப் பிடித்தாள். அம்மா மெத்தைக்கு முன் மண்டியிட்டு உட்கார்ந்து காத்திருந்தாள். முதல் விசில் அடித்தது. அவள் முகம் சுண்ணாம்பாய் வெளுத்தது. எழுந்து ஓடவில்லை. இரண்டாவது விசிலுக்கு, "ஆரம்பி," என்றாள். எழுந்தாள், அடுப்புக்குப் போனாள், அணைத்தாள், திரும்பி வந்து மண்டியிட்டு மெத்தைமேல் கை வைத்தாள்.

"ஒன்பது வினாடிம்மா."

"மறுபடி."

எட்டு. மறுபடி அடுப்பைப் பற்றவைத்தாள். ஒன்பது. வாசலில் வீட்டுக்காரர் வாயைப் பிளந்துகொண்டு நின்றார். அவர் மெத்தைக்காக வந்தாரா, விசிலுக்காக வந்தாரா என்பது அவருக்கே மறந்துவிட்டது.

"பத்து வினாடிவரைக்கும் நெஞ்சுலேர்ந்து கையை எடுக்கலாம்னு பாடத்துலயே இருக்கு," என்றாள் தரையில் உட்கார்ந்தபடி. "நான்தான் அந்தப் பாடத்தை நடத்தினேன்." பிறகு தாளை எடுத்து, முன்னாலேயே அணைக்கச் சொல்லியிருக்க வேண்டும் என்று ஒரு மதிப்பெண்ணைக் குறைத்தாள். இருந்தும் தேர்ச்சிதான்.

உளவியலாளரிடம் இதைச் சொன்னபோது அவர் புருவத்தைத் தூக்கினார். "நான் இன்னும் அந்தப் படிக்கு வரவே இல்லையே."

"நீங்க மெதுவா வாங்க தம்பி."

அன்றைக்கு மறுபடி முதலிலிருந்து சொன்னாள். அழைப்பு வருகிறது என்று தொடங்கியவள், பாதியில், "அவங்க அழுதாங்க," என்றாள். "அடுப்ப அணைக்கச் சொன்னேன். போனாங்க. வந்தாங்க. நான் எண்ணினேன், அவங்க அழுத்தினாங்க." நடக்கிறது என்பது நடந்தது என்று மாறியிருந்தது. இருவருமே அதைக் கவனித்தார்கள், இருவருமே திருத்தவில்லை. வழக்கமாகச் சைரன் சத்தத்தோடு நிறுத்திவிடுவாள். இன்றைக்கு நிறுத்தவில்லை.

"ஆம்புலன்ஸ் வந்துச்சு. அவர் இறந்துட்டார்."

சொல்லிவிட்டு அழுதாள். இது வேறு அழுகை. உடம்பு நடுங்கவில்லை, மூச்சு முட்டவில்லை. செத்தவருக்காக மனிதர்கள் அழுவார்களே, அப்படி அழுதாள்.

"ஒவ்வொரு தடவை இது ஓடும்போதும் அவர் பிழைக்க இன்னொரு வாய்ப்பு இருந்துச்சு," என்றாள் மூக்கைத் துடைத்துக்கொண்டு. "அதனாலதான் விட மனசு வரல போல. இனிமே கிடையாது, இல்ல?"

"கிடையாது," என்றார் அவர்.

சான்று கிடைத்தது, கெடுவுக்கு நான்கு நாள் முன்னால். முதல் நாள் காலை ஹெட்செட்டின் பஞ்சைத் தானே புதிதாக மாற்றி மாட்டிக்கொண்டாள். ஐந்தாம் நாற்காலிப் பெண் திரும்பித் திரும்பிப் பார்த்தாள். "உன் திரையைப் பாரு," என்றாள் அக்கா. மணி அடித்தது. நெஞ்சு ஒருமுறை தூக்கிப் போட்டது, கை நடுங்கியது. நடுங்கட்டும் என்று விட்டுவிட்டு அந்தக் கையாலேயே எடுத்தாள்.