ஈரப் பூச்சு

ஜன்னல் கண்ணாடியில் இரண்டு தட்டு விழுந்தது. திருப்தி இல்லை என்று அர்த்தம். ஒரு தட்டு என்றால் சரி, மேலே போ.

பால்கனியில் நின்றிருந்த பாப்பா முகமூடியைக் கழற்றாமலே திரும்பினாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம், ஜன்னலை ஒட்டிப் போட்ட கட்டிலில், தலையணைகளை அடுக்கி அதில் சாய்ந்து கிடந்தான் அண்ணன். பல் செட்டைச் சுரண்டும் வளைந்த கம்பி ஒன்று அவன் கையில் இருந்தது. அதன் பின்முனைதான் தட்டியது. பாப்பா புருவத்தைத் தூக்கி என்ன என்று கேட்டாள். அவன் கம்பியால் தன் இடது தோளைத் தொட்டு, காற்றில் ஒரு சின்ன வளைவு போட்டுக் காட்டினான்.

இடப்பக்க மட்கார்டு. கையிலிருந்த சின்னக் காரை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். வளைவின் அடியில், மஞ்சளுக்குள்ளிருந்து ரோஸ் நிறம் லேசாக எட்டிப் பார்த்தது. அவள் முகத்துக்கு நேரே இருந்தது அவளுக்குத் தெரியவில்லை. சாகப் போகிறவனுக்குக் கண்ணாடி தாண்டித் தெரிகிறது.

"கண்ணா அது, கழுகா" என்று முகமூடிக்குள் சொல்லிக்கொண்டு மறுபடி வண்ணம் அடித்தாள். ஒரு தட்டு விழுந்தது.

அவள் தலை பாதி நரைத்தவள். பட்டறையில் அவளுக்குக் கீழே நாலு ஆண்கள் வேலை பார்க்கிறார்கள், எல்லோரும் 'அக்கா' என்றால் ஒரு பயத்தோடுதான் சொல்வார்கள். இந்த வீட்டில் மட்டும் அவள் பாப்பா. இடித்து நசுங்கி வரும் கார்களைத் தட்டி நிமிர்த்தி, பட்டி பார்த்து, வண்ணம் அடித்துப் புதிது போல் அனுப்புவது அவள் தொழில். அண்ணன் பல் டாக்டர்களுக்குச் செயற்கைப் பற்கள் செய்து கொடுப்பவன். மிச்ச நேரத்தில் பெட்டியில் வரும் பிளாஸ்டிக் துண்டுகளை வெட்டி, தேய்த்து, ஒட்டி, உள்ளங்கை நீளத்துக்குப் பந்தயக் கார்கள் செய்வான். வண்ணம் மட்டும் அடித்துத் தருகிறேன் என்று அவள் எத்தனையோ முறை கேட்டிருக்கிறாள். "நீ கதவுக்கு அடிக்கிறவ. இது உன் கைக்கு அடங்காது" என்பான். அவளும் விடமாட்டாள். நான் அடிச்ச வண்டி ரோட்டுல ஓடுது, உன்னோடது அலமாரியைத் தாண்டல என்பாள்.

இந்தக் காரை அவன் உடம்பு விழுந்த பிறகு ஆரம்பித்தான். இரண்டு பேர் உட்காரும் பழைய மாதிரி, தாழ்ந்து, மூக்கு நீண்டது. எஞ்சினை முடித்தான். சீட் பெல்ட்டின் கொக்கியைக்கூட மாத்திரை அட்டையின் ஈயத்தாளில் வெட்டி ஒட்டினான். மேல்கூடுதான் பாக்கி. அதற்கு வண்ணம் அடிக்கும்போது கை நடுங்கியது. கெட்டியாக வழிந்ததைக் கரைத்து எடுத்துவிட்டு மறுபடி அடித்தான். மறுபடி வழிந்தது. அன்றைக்கு அவளுக்குப் போன் செய்து, உனக்கு லீவு இருக்கா என்று கேட்டான். ஒரு வண்டி இருக்கு, சின்ன வண்டி, கூலி எல்லாம் கிடையாது என்றான். அவள் போனை வைத்துவிட்டுப் பட்டறைக் கழிவறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள். அவன் அவளிடம் கேட்டுவிட்டான் என்றால் இனி டாக்டரிடம் கேட்க ஒன்றும் இல்லை.

வந்ததும் சண்டைதான். அவள் பட்டறையிலிருந்து தூக்கி வந்த ஸ்ப்ரே கன்னைப் பார்த்து, அதுல அடிச்சா கார் பறந்துடும் என்று சிரித்து, பேனா பருமனுக்கு இருந்த தன்னுடையதைக் கொடுத்தான். மஞ்சளுக்கு அடியில் வெள்ளை கொடுக்கலாம் என்றாள் அவள். ரோஸ் கொடுத்தால்தான் மஞ்சளில் உயிர் வரும், இல்லாவிட்டால் காமாலை மாதிரி இருக்கும் என்றான் அவன். ரோஸ் அடித்துக் காய வைத்திருந்ததை அண்ணி வந்து பார்த்தாள். "இவ்வளவு பாடுபட்டு இதையா? பொம்மைக் கல்யாணத்துக்குப் போற வண்டி மாதிரி இருக்கு" என்றாள். அண்ணன் சிரித்த சிரிப்பில் இருமல் பிடித்துக்கொண்டது. அண்ணி அவன் முதுகைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு, அப்படியே தானும் சிரித்தாள்.

அண்ணிதான் எல்லாம் பார்த்தாள். தபால் ஆபீஸ் கவுண்டருக்கு விடுப்புச் சொல்லிவிட்டு, இரவும் பகலும் அவன் பக்கத்து நாற்காலியிலேயே கிடந்தாள். பிள்ளை குட்டி இல்லாத வீடு. மாற்றி உட்கார ஆள் இல்லை. இன்று காலை அண்ணன் கொஞ்சம் தெளிவாக இருந்தான். அண்ணிக்குக் கால் கடுத்து நிற்க முடியாமல் ஆனபோது, உள்ளறையில் கொஞ்சம் படுங்கள் என்று பாப்பாதான் அவளை வற்புறுத்தினாள்.

அண்ணி அறை வாசலில் நின்று அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"ஏதாவதுன்னா உடனே எழுப்பு பாப்பா. தூங்கட்டும் பாவம்னு நினைக்காதே. அந்த நேரத்துல நான் அங்க இருக்கணும். வேற ஒண்ணும் எனக்கு வேண்டாம்."

எழுப்புகிறேன் என்று பாப்பா சொன்னாள். சொன்னால் செய்கிறவள் என்று அவளைப் பற்றி எல்லோருக்கும் தெரியும்.

அதன் பிறகுதான் அண்ணன் ஜன்னலைக் காட்டினான். கடைசிப் பூச்சை இப்போதே முடித்துவிடு, வெளிச்சம் நன்றாக இருக்கிறது என்றான். வாசனை உள்ளே வராமல் அவள் கண்ணாடியை இழுத்துச் சாத்தப் போனபோது, "நடுவுல நிறுத்திடாதே. என்ன ஆனாலும்" என்றான். எனக்கே சொல்லித் தர்றியா என்று அவள் கேட்டாள்.

இப்போது, கை படாமல் பிடிக்க ஒரு பாட்டில் தலையில் ஒட்டியிருந்த முழுக் கூடும் ஈர மஞ்சளில் பளபளத்தது. நிஜக் காருக்கு அடிக்கும்போது தோளிலிருந்து கை போக வேண்டும், கூடவே காலும் நகர வேண்டும். இதற்கு மணிக்கட்டு மட்டும் போதும், மூச்சையும் கொஞ்சம் பிடித்துக்கொள்ள வேண்டும். வந்த இரண்டே நாளில் அவளுக்கு அது பிடிபட்டுவிட்டது. அவன் அதைச் சொல்லவில்லை. ஆனால் குறை சொல்வது குறைந்திருந்தது.

காரைக் கண்ணாடியருகே கொண்டுபோய் மெதுவாகச் சுற்றிக் காட்டினாள். மூக்கு, கதவு, கூரை. அவன் கண் கூடவே நகர்ந்தது. பின்பக்கம் வந்ததும் தட்டினான். கொஞ்சம் விட்டு, இன்னொன்று. டிக்கிப் பக்கம் மெலிசாக இருக்கிறது.

பார்த்தாள். மெலிசாகத்தான் இருந்தது. அந்த இடத்தில் மட்டும் அடித்தால் திட்டு தெரியும். டிக்கியில் தொடங்கி, கூரை வழியாக, பானெட் வரைக்கும் ஒரே மூச்சில் போய்விட வேண்டும். அவள் வெளிச்சத்துக்குத் திரும்பி நின்று, அடிக்கத் தொடங்கினாள். டிக்கியின் விளிம்பு நனைந்து, கண்ணாடி போல் மூடிக்கொண்டு வந்தது. அப்போது ஓரக்கண்ணில், அவன் கையிலிருந்த கம்பி நழுவிப் போர்வையில் விழுவதைப் பார்த்தாள். விரல்கள் அதைத் தேடவில்லை. விழுந்த இடத்திலேயே விரிந்து கிடந்தன.

அவளுக்குத் தெரிந்துவிட்டது. தெரியவில்லை என்று பின்னால் யாரிடமாவது சொல்லிக்கொள்ளலாம், ஆனால் தெரிந்துவிட்டது.

கன் நகர்ந்துகொண்டிருந்தது. இந்த இடத்தில் நிறுத்தினால் ஓரம் காய்ந்துவிடும். அதற்கு மேல் விழுவது பொடியாக உட்காரும். கூரையின் குறுக்கே மங்கலாக ஒரு பட்டை, என்ன தேய்த்தாலும் வெயிலில் தெரியும். அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு கூரைக்கு வந்தாள். கூரையின் வளைவில் ஒரு நூல் அளவுகூடக் கை விலகவில்லை. கதவுகளின் மேல் விளிம்பு, முன் கண்ணாடிச் சட்டம், பானெட்டின் நீண்ட சரிவு. மூக்கு நுனியைத் தாண்டி வெற்றுக் காற்றில் போன பிறகுதான் விரலை எடுத்தாள்.

காரைப் பாட்டிலோடு தூக்கி, ஹால் மூலையில் அண்ணன் தயாராக வைக்கச் சொல்லியிருந்த மேஜையில் வைத்தாள். அட்டைப் பெட்டியைக் கவிழ்த்து மூடினாள். காற்று போக அடியில் இரண்டு பாட்டில் மூடிகளை முட்டுக் கொடுத்தாள். கையுறைகளை உரித்தாள். அதன் பிறகு அவன் அறைக்குப் போய், நாடி பார்த்தாள். அவன் கண்களை மூடிவிட்டாள்.

அண்ணியைத் தொட்டு எழுப்பியபோது, அண்ணி அவள் முகத்தைப் பார்த்தாள். பிறகு கழுத்தில் தொங்கிக்கொண்டிருந்த முகமூடியைப் பார்த்தாள். ஒன்றும் கேட்காமல் எழுந்து ஓடினாள்.

வெகுநேரம் அவள் அவன் நெற்றியைத் தடவிக்கொண்டிருந்தாள். சத்தமாக அழவில்லை. கதவருகே நின்ற பாப்பாவிடம், திரும்பிப் பார்க்காமல் கேட்டாள்.

"நீ பக்கத்துல இருந்தியா?"

இருந்தேன் என்று ஒரு வார்த்தை போதும். கையைப் பிடித்துக்கொண்டிருந்தேன் என்று சேர்த்துக்கொண்டால் இன்னும் நல்லது. வருகிற எல்லோரிடமும் அண்ணி அதைச் சொல்லி ஆறுதல் பட்டுக்கொள்வாள். அப்படி ஒரு பொய்யை யாரும் தப்பு என்று சொல்லமாட்டார்கள்.

"இல்ல அண்ணி. பால்கனியில அடிச்சிட்டிருந்தேன். கை தளர்ந்து விழுறதைப் பார்த்தேன். பார்த்தும் நிறுத்தல. முடிச்சிட்டுத்தான் உள்ள வந்தேன்."

"எவ்வளவு நேரம்?"

"டிக்கிலேர்ந்து பானெட் வரைக்கும்."

அண்ணியின் கை நெற்றியிலேயே நின்றது.

"கடைசியா என்ன சொன்னாரு?"

"டிக்கிப் பக்கம் மெலிசா இருக்குன்னு தட்டினாரு."

"என்னைக் கேக்கல."

"கேக்கல அண்ணி."

"நீயும் என்னைக் கூப்பிடல."

 நடுவில் நிறுத்தாதே என்று காலையில் அண்ணன் சொன்னதைப் பாப்பா எடுத்துச் சொல்லியிருக்கலாம். ஆனால் கன் அவள் கையில்தான் இருந்தது, அவன் கையில் இல்லை. அண்ணி அவன் மேல் விழுந்திருந்த கம்பியை எடுத்து, பக்கத்து ஸ்டூலில் மருந்து பாட்டில்களோடு வைத்தாள். போர்வையை அவன் மார்புவரை இழுத்து, சுருக்கமில்லாமல் நீவிவிட்டாள். நீங்க கொஞ்சம் வெளியே இருங்க என்றாள்.

இத்தனை வருஷத்தில் அண்ணி அவளை 'நீங்க' என்றது இதுதான் முதல் தடவை.

டாக்டர் வந்துவிட்டுப் போனார். அண்ணி ஒவ்வொருவராகப் போன் செய்து, எல்லோருக்கும் ஒரே மாதிரி, தூக்கத்திலேயே போய்விட்டார் என்று சொல்லாமல், காலையில் இறந்துவிட்டார் என்று மட்டும் சொன்னாள். கீழ்வீட்டுக்காரர்கள் நாற்காலிகள் கொண்டுவந்தார்கள். படுக்கையறை குறுகல் என்பதால் நாலு பேர் சேர்ந்து அண்ணனை ஹாலுக்குத் தூக்கி வந்து கிடத்தினார்கள். பாப்பா தலைப்பக்கம் பிடித்தாள். மூலை மேஜையை அப்போதுதான் நினைத்துக்கொண்டாள். பெட்டியை வேறு எங்காவது மாற்றிவிடலாம் என்று பார்த்தால், அதைத் தூக்க வேண்டும், இத்தனை பேர் நடமாட்டத்தின் நடுவே திறந்த காரை எடுத்துக்கொண்டு போக வேண்டும். அப்படியே இருக்கட்டும் என்று விட்டாள். ஒருத்தி அங்கே கைப்பையை வைக்கப் போனபோது மட்டும், வாங்கித் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

ஹால் நிறைந்தது. பேச்சு, செருப்புச் சத்தம், யாரோ மூக்கைச் சிந்துவது. சன்னமாகத் தின்னர் வாசனை. அது என்ன வாசனை என்று ஒருவர் கேட்டார், ஆஸ்பத்திரி மருந்தாக இருக்கும் என்று இன்னொருவர் சொன்னார். தண்ணீர் யாரிடம் கேட்பது என்று கேட்டவரிடம் அண்ணி, அவங்ககிட்ட கேளுங்க என்று பாப்பா பக்கம் கையைக் காட்டினாள். முகத்தைக் காட்டவில்லை.

நண்பகலில் சித்தப்பா வந்து சேர்ந்தார். கனத்த உடம்பு. மாடி ஏறி வந்ததில் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. அண்ணன் காலைத் தொட்டு, எனக்கு முன்னாடி உனக்கு என்னடா அவசரம் என்று கொஞ்சம் அழுதார். அழுது முடித்து, முகத்தைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்து பார்த்தார்.

"என்னம்மா, இவ்வளவு பேர் வெந்துகிட்டு உக்காந்திருக்கீங்க. ஃபேன் போடக்கூடத் தோணலையா?"

சுவிட்சுக்குக் கையை நீட்டினார்.

பாப்பா பாதி எழுந்துவிட்டாள். பெட்டிக்கு அடியில் இருக்கும் அந்த இடைவெளி போதும். ஹாலில் இருக்கிற தூசி முழுக்க ஈரத்தில் போய் உட்காரும். ஆனால் எந்த உரிமையில் சொல்வது? செத்தவனைச் சுற்றி உட்கார்ந்திருக்கிற ஜனங்களிடம், ஒரு பொம்மைக் காருக்காக வேர்த்து விறுவிறுக்க உட்காருங்கள் என்று, அதுவும் இன்றைக்கு, அவள் வாயால். வாய் திறக்கவில்லை. மடியிலிருந்த கைப்பையை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

"மாமா, போடாதீங்க."

அண்ணிதான். அழுது கம்மிய குரல் இல்லை அது. சில்லறை இல்லாமல் வருகிறவர்களைத் திருப்பி அனுப்பும் கவுண்டர் குரல்.

"புழுங்குதேம்மா."

"பெயிண்ட் ஈரமா இருக்கு. தூசி ஒட்டிக்கும்."

சித்தப்பா நாலு சுவரையும் ஒவ்வொன்றாகப் பார்த்தார். எல்லாம் பழைய சுவர்கள். மூலையில் கவிழ்ந்திருந்த அட்டைப் பெட்டியில் அவர் கண் நின்றது. கீழே கிடந்தவனைப் பார்த்தார். அவனைச் சின்ன வயதிலிருந்து தெரியும். கையை இறக்கிக்கொண்டார்.

அண்ணி அண்ணன் முகத்திலிருந்து கண்ணை எடுக்காமல், எல்லோருக்கும் கேட்கும்படி, "எப்போ காயும்?" என்றாள்.

"சாயங்காலம் ஆயிடும்" என்றாள் பாப்பா.

"சாயங்காலம் வரைக்கும் யாரும் ஃபேன் போட வேண்டாம்" என்றாள் அண்ணி.

யாரும் ஏன் என்று கேட்கவில்லை. சித்தப்பா ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, மேல் பட்டன் இரண்டைக் கழற்றிவிட்டார். கீழ்வீட்டுக்காரி முந்தானையால் கழுத்தைத் துடைத்தாள். ஒருவர் கைக்குட்டையை விசிறப் போய், அக்கம்பக்கம் பார்த்துவிட்டு, அதை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். சித்தப்பாவின் முகவாயிலிருந்து ஒரு துளி சொட்டிச் சட்டையில் பரவியது. இன்னொன்று திரண்டு நின்றது. அவர் அதைத் துடைக்கவில்லை, ஆடாமல் அசையாமல் உட்கார்ந்திருந்தார்.