ஹுமாயூன் அடித்த அதிகாரி

பட்டாளத்திலிருந்து லீவில் வந்த மூன்றாம் நாளே சோலைக்கு ஊர் கசந்துவிட்டது. கசக்காமல் என்ன செய்யும்? கழுகுமலைக்கு வடக்கே, மழை பெய்தால் காலில் கிடக்கும் செருப்பைப் பிடுங்கி வைத்துக்கொள்ளும் கரிசல் ஊர் அது. செருப்பையாவது திருப்பித் தரும், வாயில் விழுந்த மனுசனைத் தராது. எழுபத்து நாலாம் வருசம் அதன் வாயில் கிடந்தவன் ஹுமாயூன்.

சோலையும் ஹுமாயூனும் ஒரே நாளில் பட்டாளத்தில் சேர்ந்தவர்கள். எழுபத்தொன்றாம் வருசச் சண்டையில் ஒரே பதுங்குகுழிக்குள் பதினாலு நாள் கிடந்தவர்கள். ஒருவன்மேல் ஒருவனுக்கு ஆசை என்பது அவர்கள் இரண்டு பேரைத் தவிர யாருக்கும் தெரியாது. போன வருசம் ஒரு மத்தியானம் பட்டாளத்துச் சாமான் கிடங்கில் இரண்டு பேரும் சேர்ந்து இருந்ததை ஒரு சுபேதார் பார்த்துவிட்டார். சோலை பின்பக்கத்து ஜன்னல் வழியாகக் குதித்து ஓடிவிட்டான். ஹுமாயூன் மாட்டிக்கொண்டான். கூட இருந்தவன் யார் என்று மூன்று நாள் குடைந்து குடைந்து கேட்டார்கள். அவன் வாயைத் திறக்கவில்லை. சண்டையில் மெடல் வாங்கினவனாச்சே என்றுகூடப் பார்க்காமல், இந்த மாதிரி ஆளுக்குப் பட்டாளத்தில் இடமில்லை என்று ஒரு காகிதத்தைக் கொடுத்து ரயிலேற்றிவிட்டார்கள். குண்டு விழும்போது லாயக்காக இருந்த ஆள், குண்டு நின்றதும் லாயக்கில்லாமல் போய்விட்டானாம். நல்ல நியாயம்! சோலைக்கு அடுத்த மாசமே பதவி உயர்ந்து நாயக் பட்டை கிடைத்தது.

ஊருக்கு இது ஒன்றும் தெரியாது. தெரியாவிட்டால் சும்மா இருக்குமா? சாய்பு வீட்டுப் பையனைப் பாதியில் அனுப்பியிருக்கிறார்கள் என்றால் பாகிஸ்தானுக்குத் துப்புச் சொல்லியிருப்பான் என்று அதுவே தீர்ப்பும் எழுதிவிட்டது. அவன் அப்பா பிச்சை முகம்மதுக்குக் கழுகுமலைக் கடைத்தெருவில் பருத்திக்கொட்டை, புண்ணாக்குக் கடை. முப்பது வருசமாக மாட்டுக்கு அங்கே வாங்கிய, வெள்ளாமை பார்க்கிற சம்சாரிகள் ஒவ்வொருவராகக் கடை மாறினார்கள். அவரை வாய் நிறைய மாப்ளே என்று கூப்பிட்டுப் பழகிய சோலையின் அப்பா சங்கரபாண்டியும் மாறிவிட்டார். ஏன் என்று சோலை கேட்டதற்கு, துரோகி வீட்டுப் புண்ணாக்கை என் மாடு திங்காது என்றார். மாட்டைக் கேட்டாரா என்ன?

சோலை பொறுக்க முடியாமல் கடைக்குப் போனான். ஹுமாயூன் தனியாக உட்கார்ந்து ஈ ஓட்டிக்கொண்டிருந்தான். இளைத்திருந்தான். நீ துப்புச் சொன்னவன் இல்லை என்று ஊர் முன்னால் சொல்லப்போகிறேன் என்றான் சோலை.

"பின்ன எதுக்கு அனுப்புனாங்கன்னு கேப்பாங்க. என்ன சொல்லுவ?"

சோலை மூட்டையிலிருந்து ஒரு பருத்திக்கொட்டையை எடுத்து விரலால் உருட்டினான்.

"துரோகின்னு சொல்லுதாங்கல்லா, எங்கம்மா தெருவுல நின்னு சண்டை போடுதா. பொய்யின்னு அவளுக்குத் தெரியும். நெசத்தச் சொன்னா, சண்டை போட அவளுக்கு வாய் இருக்காது" என்றான் ஹுமாயூன். "நீ போ. இங்கன அடிக்கடி வராத."

சொன்னால் வெட்கம், அழுதால் துக்கம் என்பார்கள். சோலைக்கு இரண்டுக்கும் வழியில்லாமல் போயிற்று. யாரைத் திட்டுவது? ஊரையா, பட்டாளத்தையா, ஜன்னலில் குதித்த தன் காலையா? தினமும் மூன்றையும் மாற்றி மாற்றித் திட்டினான். ஆத்திரம் ஆறவில்லை.

லீவு முடிய ஐந்து நாள் இருந்தது. அன்று காலையில் களத்தில் பருத்தி காய்ந்துகொண்டிருந்தது. சங்கரபாண்டியோடு நாலு சம்சாரிகள் உட்கார்ந்திருந்தார்கள். ஹுமாயூனின் அம்மா ரசூல் பீவி வெயிலில் நடந்து வந்து நேராகச் சோலை முன்னால் நின்றாள். மகனுக்குத் தெரியாமல் அவன் பெட்டியிலிருந்து அந்தக் காகிதத்தை எடுத்து வந்திருந்தாள்.

"ஏய்யா சோலை, இங்கிலீசுல எழுதிருக்கு. கூட இருந்த பிள்ளை நீ. எம்மகன் துரோகியான்னு இவியளுக்குப் படிச்சுச் சொல்லு."

சோலை வாங்கிப் பார்த்தான். ஒழுக்கக்கேடு என்று இருந்தது. மூன்றே வரி. கூட இருந்தவன் பெயர் தெரியவில்லை என்பது கடைசி வரி. காகிதத்தை நாலாக மடித்தான்.

"துரோகம்னு இதுல இல்ல" என்றான்.

"பின்ன என்னலே இருக்கு?" என்றார் சங்கரபாண்டி.

எல்லோரும் அவன் வாயையே பார்த்தார்கள். நெசத்தைச் சொன்னால் இந்த அம்மாள் இங்கேயே விழுந்துவிடுவாள். தன் பட்டாளத்து உடுப்பும் போய்விடும். எது முதலில் நினைவுக்கு வந்தது என்று அவனைக் கேட்டால் அவனுக்கே தெரியாது.

"அதிகாரி ஒருத்தர கைநீட்டி அடிச்சிட்டான்" என்றான்.

அவ்வளவுதான். சங்கரபாண்டி தொடையைத் தட்டிக்கொண்டு எழுந்தார். அப்படிச் சொல்லு, நம்ம மண்ணு லேசுப்பட்டதா என்றார். அதிகாரி இவன் அம்மாவைத் திட்டியிருப்பான், இவன் அறைந்திருப்பான் என்று பக்கத்திலிருந்தவர் மீதிக் கதையைக் கட்டினார். சாயங்காலத்துக்குள் ஓர் அறை மூன்று அறையாகி, அதிகாரிக்குப் பல்லும் போயிருந்தது. மறுநாள் புண்ணாக்குக் கடை வாசலில் எட்டு வண்டி நின்றது. நேற்று வரை துரோகி, இன்றைக்கு வீரன். தூ, இது ஒரு ஊரா!

ஹுமாயூன் சந்தோசப்படுவான் என்று நினைத்துத்தான் சோலை அங்கே போனான். ஹுமாயூன் அவனைக் கடைக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு போனான். கண் சிவந்திருந்தது.

"ஏழு வருசத்துல நான் ஒரு சொல்லு மீறுனது கிடையாது. எவனையும் அடிச்சதும் கிடையாது. உன்மேல பிரியம் வச்சேன், அதுக்குத்தான் அனுப்புனாங்க. ஊரே துரோகின்னப்ப, நெசம் தெரிஞ்சவன் ஒருத்தன் இருக்கான்னுதான் இருந்தேன். நீயும் அப்படி ஒரு பிரியமே இல்லன்னு சொல்லிட்டியே, சோலை."

நல்லதுக்குத்தானே சொன்னேன் என்று சோலை முனகினான். ஹுமாயூன் பருத்திக்கொட்டை நிறுக்கப் போய்விட்டான். அப்புறம் இவன் பக்கம் திரும்பவே இல்லை.

லீவு முடிந்து கிளம்பின அன்று, பட்டாளத்துக்குப் போகிற மகனின் டிரங்குப் பெட்டியைத் தகப்பன்தான் தூக்கி பஸ்ஸில் ஏற்ற வேண்டும் என்ற ஊர் வழக்கப்படி சங்கரபாண்டி பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு கழுகுமலை பஸ் நிறுத்தம் வரை வந்தார். வழியெல்லாம் ஹுமாயூன் பெருமைதான். அவரும் நேற்று அந்தக் கடைக்குப் போய் மாப்ளே என்று கட்டிப்பிடித்துவிட்டு வந்திருந்தார். கோவில்பட்டி பஸ் தூரத்தில் தெரியும்போது அவருக்குத் திடீரென்று ஒரு சந்தேகம் வந்தது.

"ஏலே, அவன் அதிகாரிய அடிச்சப்ப நீ எங்கன இருந்த?"

"கூடத்தான் இருந்தேன்."

"இருந்து?"

சோலைக்கு இந்த ஒன்றிலாவது பொய் சொல்லக்கூடாது என்று தோன்றியது.

"அவன விட்டுட்டு ஓடிட்டேன்பா. எம்பேர அவன் கடைசிவரை சொல்லல."

பஸ் வந்து நின்றது. சங்கரபாண்டி மகனை மேலும் கீழும் பார்த்தார். தலையிலிருந்த பெட்டியை இறக்கி மண்ணில் வைத்துவிட்டு, கடைத்தெருவைப் பார்த்து நடந்தார். சோலை பெட்டியைத் தானே தூக்கிக்கொண்டு ஏறினான்.