ஊசி குத்தியிருந்த நேரம்

விமான நிலையத்தில் பயணிகளின் பெட்டிகளை ஊடுருவிக் காட்டும் திரைக்கு முன்னால் உட்கார்ந்திருப்பதுதான் அவளுடைய வேலை. ஆரஞ்சாகத் தெரிந்தால் சாப்பாடோ சோப்போ, நீலமாகத் தெரிந்தால் இரும்பு. கொஞ்சம் உறுத்தினாலும் பெட்டியை ஓரங்கட்டச் சொல்லிவிடுவாள். அந்தப் பழக்கம் வீட்டுக்கும் கூடவே வந்துவிட்டது. பால் பாக்கெட்டில் தேதியைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பாள். கணவர் போனில் சிரித்தால் யாரென்று கேட்பாள். வீட்டில் அவளுக்கு எக்ஸ்ரே என்றே பெயர். முகத்துக்கு நேராகவே அப்படிக் கூப்பிட்டார்கள். அவளும் திரும்பிப் பார்ப்பாள்.

கொஞ்ச காலமாக அவளுடைய வலது தோள்பட்டை படுத்தி எடுத்தது. கையைத் தலைக்கு மேல் தூக்க முடியவில்லை. முடி பின்னுவதே பெரும்பாடு. ஆஸ்பத்திரியில் படமெடுத்துப் பார்த்துவிட்டு, பயப்பட ஒன்றுமில்லை, பயிற்சி செய்யுங்கள் என்றார்கள். செய்ததில் பாதி வலி போனது, மீதி போவேனா என்று உட்கார்ந்துகொண்டது.

மாடியில் தனியாக இருந்த நாத்தனார் ஒரு நாள் படியிறங்கி வந்தாள். மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்ப்பவள். அதிர்ந்து ஒரு வார்த்தை பேசமாட்டாள்.

"அண்ணி, அக்குபங்சர் பார்க்கலாமா? எனக்குத் தெரிஞ்ச டாக்டரம்மா ஒருத்தங்க இருக்காங்க."

"உனக்கு எப்படித் தெரியும்?"

"கடைக்கு வர்ற ஒருத்தங்க சொன்னாங்க."

"தெரிஞ்சவங்களா, சொல்லிக் கேள்விப்பட்டவங்களா? ஒண்ணைச் சொல்லு."

நாத்தனார் தண்ணீர் குடிக்கப் போய்விட்டாள். வேண்டாம் என்று ஒரு தடவை சொன்னால் அந்தப் பேச்சையே எடுக்காதவள், இந்த விஷயத்தில் மட்டும் விடாமல் நச்சரித்தாள். காலையில் சொன்னாள், பாத்திரம் கழுவும்போது சொன்னாள், துணி காயப்போடும்போது சொன்னாள். கடைசியில் எக்ஸ்ரே சரியென்றது தோள்பட்டைக்காக அல்ல. இதில் என்னவோ இருக்கிறது, அது என்னவென்று பார்த்துவிட வேண்டும் என்பதற்காக.

சலவைக் கடைக்கு மேல்மாடியில் இருந்தது அந்த இடம். கீழிருந்து இஸ்திரி ஆவி ஏறி, காய்ந்த வேர்களின் கசப்பு வாசனையோடு கலந்து வந்தது. சுவரில் ஒரு மனித உருவப் படம். தலையிலிருந்து கால் கட்டைவிரல்வரை கோடுகள், கோடெல்லாம் புள்ளிகள். பேருந்து வழித்தட வரைபடம் மாதிரி இருக்கிறதே என்று எக்ஸ்ரே நினைத்தாள்.

டாக்டரம்மா உள்ளேயிருந்து வந்தார். நரைத்த தலையை ஒட்ட வெட்டியிருந்தார். நாத்தனாரைப் பார்த்ததும் அவர் கண் ஒரு நொடி நின்றது, பிறகுதான் நகர்ந்தது. எக்ஸ்ரே அதைப் பிடித்துவிட்டாள்.

"இவளை உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?"

"இங்க யார் வர்றாங்க, யார் வரலைங்கறதை நான் இன்னொருத்தர்கிட்ட சொல்றதில்லம்மா. உங்களைப் பத்திக் கேட்டாலும் சொல்லமாட்டேன். உட்காருங்க."

நல்ல பதில்தான். ஆனால் தெரியாது என்கிற பதில் இல்லையே.

டாக்டரம்மா நாக்கை நீட்டச் சொன்னார். இரண்டு மணிக்கட்டிலும் மூன்று விரல்களை வைத்து, கண்ணை மூடி நாடி பார்த்தார்.

"தூக்கம் அரைகுறையா இருக்குமே? தூக்கத்துல பல்லைக் கடிப்பீங்களா?"

எக்ஸ்ரே நாத்தனாரைத் திரும்பி முறைத்தாள். எல்லாவற்றையும் முன்கூட்டியே ஒப்பித்துவிட்டாளா?

"நான் ஒண்ணும் சொல்லல அண்ணி!"

"உங்க நாக்கு ஓரத்துல பல் தடம் இருக்கு. தாடை இறுகியிருக்கு," என்றார் டாக்டரம்மா. "இதுல மாயமந்திரம் ஒண்ணும் இல்ல."

பிறகு நிதானமாக விளக்கினார். உடம்புக்குள் சக்தி ஓடுகிறது, அது தேங்கும் இடத்தில் வலி வருகிறது என்பது சீன வைத்தியத்தின் கணக்கு. அந்த ஓட்டத்தைத் திறந்துவிடத்தான் ஊசி. "இதை நீங்க நம்பித்தான் ஆகணும்னு இல்ல. சிலருக்கு வலி குறையும், சிலருக்குக் குறையாது. ரெண்டு மூணு தடவை பார்ப்போம், பலன் இல்லைன்னா நானே நிறுத்தச் சொல்லிடுவேன்." வெறும் வயிற்றோடு வந்தால் மயக்கம் வரலாம் என்றார். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறாளா என்று கேட்டார். ஊசிப் பாக்கெட்டை அவளுடைய கையிலேயே கொடுத்தார். எக்ஸ்ரே அதை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, ஒட்டுப் பிரிந்திருக்கிறதா என்று நான்கு பக்கமும் பார்த்துவிட்டுத்தான் திருப்பிக் கொடுத்தாள்.

"கடைசியா ஒரு கேள்வி. புதுசா வர்ற எல்லார்கிட்டயும் கேக்கறது. உடம்புல எங்கயாவது புதுசா கட்டி, காரணமில்லாம இளைக்கறது, அப்படி ஏதாவது?"

"இல்ல."

சொல்லும்போதே எக்ஸ்ரேயின் கண் ஓரத்தில் ஒன்று தென்பட்டது. அதுவரை கைப்பையின் வாரைத் திருகிக்கொண்டிருந்த நாத்தனாரின் விரல்கள் சட்டென்று நின்றிருந்தன.

ஊசி குத்தியது எறும்பு கடித்த மாதிரிகூட இல்லை. ஆனால் தோளில் ஒன்று இறங்கியபோது உள்ளே கனமாக ஏதோ இழுத்தது. தோளில், முழங்கையில், காலில் என்று குத்தி முடித்துவிட்டு, "அசையாம படுத்திருங்க. ஏதாவதுன்னா இந்த மணியை அடிங்க," என்று டாக்டரம்மா திரையை இழுத்துவிட்டுப் போனார்.

காலடிச் சத்தம் தேயும்வரை எக்ஸ்ரே காத்திருந்தாள்.

"இப்ப சொல்லு. ஆள் பிடிச்சுக் கொடுத்தா உனக்கு இங்க என்ன கிடைக்குது?"

"ஐயோ, அப்படியெல்லாம் இல்ல அண்ணி."

"பின்ன எதுக்கு என்னை இழுத்துட்டு வந்தே?"

நாத்தனார் நாற்காலியை நகர்த்திப் பக்கத்தில் வந்தாள்.

"நீங்க இப்ப எழுந்திரிக்க முடியாதுல்ல?"

"ஏன்?"

"அப்படின்னா இப்பவே சொல்லிடறேன். எனக்கு மார்ல ஒரு கட்டி இருக்கு."

எக்ஸ்ரே எழ முயன்றாள். முழங்கை ஊசி சுருக்கென்றது.

"கழுத்து வலின்னு இங்க வந்தேன் அண்ணி. அந்தக் கேள்வியைக் கேட்டாங்க, வாய் தவறிச் சொல்லிட்டேன். உடனே ஊசியை உள்ள எடுத்து வெச்சிட்டாங்க. இது என் வேலை இல்ல, நேரா ஆஸ்பத்திரிக்குப் போன்னாங்க. வாசல்வரைக்கும் வந்து சொன்னாங்க."

"போனியா?"

"கேட் வரைக்கும் போனேன். திரும்பிட்டேன்."

"என்கிட்ட சொல்லியிருக்கலாம்ல?"

"எப்படிச் சொல்றது? எப்பத்திலிருந்து, ஏன் மறைச்சே, வேற யாருக்குத் தெரியும்னு நிக்க வெச்சுக் கேப்பீங்க. எனக்கு அதுக்குத் தெம்பில்ல. உங்களை இங்க கூட்டிட்டு வந்தா டாக்டரம்மாவே சொல்லிடுவாங்கன்னு பார்த்தேன். அவங்க வாயே திறக்கல."

நாக்கு நுனிவரை வந்த கேள்விகள் எல்லாம் சரியாக அவை மூன்றும்தான். எக்ஸ்ரே அவற்றை விழுங்கினாள். கண்ணீர் காதுக்குள் வழிந்தது, துடைக்கக் கையில்லை. நாத்தனார்தான் தன் கைக்குட்டையால் துடைத்துவிட்டாள்.

"மணியை அடி," என்றாள் எக்ஸ்ரே.

"வலிக்குதா?"

"இதையெல்லாம் பிடுங்கச் சொல்லு. ஆஸ்பத்திரிக்குப் போகணும்."

டாக்டரம்மா வந்து இருவர் முகத்தையும் பார்த்தார். ஒவ்வொரு ஊசியாக எடுத்தார். வாசலில் செருப்பு மாட்டும்போது நாத்தனாரின் தோளை மட்டும் ஒரு தரம் தொட்டார்.

ஆஸ்பத்திரியில் பெயர் கொடுக்கும் இடத்தில், கட்டி எப்போதிலிருந்து இருக்கிறது என்று நர்ஸ் கேட்டார். நாத்தனார் தரையைப் பார்த்தாள். "அவ சொல்லுவா, கொஞ்சம் டைம் கொடுங்க," என்றாள் எக்ஸ்ரே. அப்படி ஒரு வாக்கியம் தன் வாயிலிருந்து வந்ததில் அவளுக்கே ஆச்சரியம்.

கட்டி கெட்டதுதான் என்று பரிசோதனையில் தெரிந்தது. ஆனால் சின்னது, பரவியிருக்கவில்லை. வெட்டி எடுத்து, கதிர்வீச்சும் கொடுத்தார்கள். எக்ஸ்ரே விடுப்பு போட்டுவிட்டு நாத்தனாரின் படுக்கையை மாடியிலிருந்து கூடத்துக்கே இறக்கிவிட்டாள். ஒரு மத்தியானம் நாத்தனார் இரண்டு கிண்ணம் கஞ்சியை முழுதாகக் குடித்துவிட்டு, மூன்றாவதை வாயில் வைத்து, "உப்பு பத்தல அண்ணி," என்று முகத்தைச் சுளித்தாள். எக்ஸ்ரே சிரித்துக்கொண்டே உப்பு ஜாடியை எடுக்க எழுந்தாள்.