இரண்டாம் கியர் தெருவில் கத்தினால்

1

இந்தக் கதை எனக்கு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் கிடைத்தது. என் கையில் நரம்பைத் தேடிக்கொண்டே லேப் அக்கா இதைச் சொன்னார். ஊசி இறங்கியதே தெரியவில்லை. [கதை நல்ல கதைதான் என்பதற்கு என்னிடம் வேறு சான்று கிடையாது.]

2

முதலில் இப்படித் தொடங்கினேன்: ‘இணையம் மனிதனுக்கு இன்னொரு முகத்தைத் தந்துவிட்ட இக்காலத்தில்…’ எனக்கே கொட்டாவி வந்தது. விட்டுவிட்டேன்.

நாற்பதைத் தாண்டிக் கார் பழகுகிறவர்களுக்காக இணையத்தில் ஒரு குழு நடத்துகிறார் லேப் அக்கா. அதன் செல்லப்பிள்ளை, ‘இரண்டாம் கியர்’ என்ற பெயரில் எழுதும் ஒருவர். எவ்வளவு அசட்டுக் கேள்விக்கும் முகம் சுளிக்கமாட்டார். “யாரும் ஸ்டியரிங்கோட பொறக்கல. கிளட்சை மெதுவா விடுங்க” என்று எழுதுவார். அவரை நம்பித்தான் அக்காவின் நாத்தனார் காரைத் தெருவுக்கே எடுத்தாள்.

சிக்னலில் வண்டி ஆஃபாகி நின்றது. பின்னாலிருந்து விடாத ஹாரன். ஒருவர் இறங்கி வந்து ஜன்னலில் குனிந்தார்.

“ஓட்டத் தெரியலைன்னா வீட்லயே கெடக்க வேண்டியதுதானே?”

பக்கத்து இருக்கையிலிருந்த அக்காவுக்குத் தூக்கிவாரிப்போட்டது. குழுவில் தினமும் புகைப்படத்தில் பார்க்கும் இரண்டாம் கியரின் முகம்.

அன்று வீடுவரை அக்காதான் ஓட்டினார். நாத்தனார் அதன்பின் காரைத் தொடவில்லை.

3

[இவருக்கு ஏதாவது அவசரம் கொடுக்கலாமா என்று பார்த்தேன். மனைவிக்குப் பிரசவ வலி, அல்லது… வேண்டாம். மனிதர் சும்மாதான் கத்தினார்.]

குழுவுக்குள் யாரையும் இழிவாகப் பேசக்கூடாது என்று விதி இருந்தது. வெளியே பேசினால்? விதி வாய் திறக்கவில்லை. அவரை நீக்கிவிட அக்காவுக்குக் கை துறுதுறுத்தது. ஆனால் வெளியே கத்தியவர்களை எல்லாம் நீக்கினால் குழுவில் யார் மிஞ்சுவார்கள்? அன்று காலை கணவரைத் தான் போட்ட சத்தம் வேறு நினைவுக்கு வந்தது.

“நீயே சொல்லு” என்றார் நாத்தனாரிடம்.

“அவரை அனுப்பிட்டா எனக்கு யாரு அண்ணி சொல்லிக்குடுப்பா?”

“அப்ப சும்மா விட்டுடலாமா?”

“அதெப்படி?”

அக்கா அவருக்குத் தனியே எழுதினார். குழுவில் எல்லார் முன்னாலும் மன்னிப்புக் கேட்கிறேன் என்று பதறிப்போய்ப் பதில் வந்தது. நாத்தனார் ஒத்துக்கொள்ளவில்லை.

“குழுல அவர் தங்கமானவர்தானே. அங்க எதுக்கு மன்னிப்பு? கத்தின எடத்துக்கு வரச் சொல்லுங்க.”

4

வந்தார். சிக்னல் ஓரம், மாலை நெரிசல். அவர் உதடு அசைந்தது. ஒரு லாரி கடந்தது.

“கேக்கல” என்றாள் நாத்தனார்.

மறுபடி சொன்னார்.

“சத்தமா சொல்லுங்க சார். அன்னைக்கு நல்லாக் கேட்டுச்சே.”

“தப்பு என்மேலதாங்க. மன்னிச்சிடுங்க.” பேருந்துக்கு நின்றவர்கள் அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். அவர் காது மடல் சிவந்துவிட்டது.

நாத்தனார் தலையாட்டினாள். “சரி. ரிவர்ஸ் எடுக்கறதுல எனக்கு ஒரு டவுட் இருக்கு.”

நடைபாதையிலேயே, இல்லாத ஸ்டியரிங்கை இரு கையாலும் வளைத்துக் காட்டத் தொடங்கினார் இரண்டாம் கியர்.

5

அவரை நீக்கியதாக ஒரு முடிவு எழுதினேன். நாத்தனாரும் கோபித்துக்கொண்டு வெளியேறினாள். விதியே வேண்டாம் என்று இன்னொன்று. அதில் அக்கா என்னோடு பேசவில்லை. “எழுதறவர்தானே, வெளியே எப்படி நடந்துக்கணும்ங்கிற விதியை நீங்களே ஒரு வரில எழுதிக்குடுங்களேன்” என்று அவர் கேட்டுப் பல நாளாகிறது. இதுவரை வந்திருப்பது இவ்வளவுதான். மீதிக்குப் பேனாவை உங்களிடம் நீட்டுகிறேன்:

‘உறுப்பினர்கள் குழுவுக்கு வெளியிலும்,