முப்பத்தெட்டும் தொண்ணூற்றைந்தும்

என் அக்கா கணவருக்கும் என் கணவருக்கும் போட்டி என்று யாராவது சொன்னால் இரண்டு பேருமே சிரிப்பார்கள். சகலைகளுக்குள் என்ன போட்டி என்பார்கள். அத்தான் சமையலறைக்குப் புது டைல்ஸ் ஒட்டினால் அடுத்த மாதம் எங்கள் குளியலறையில் கொத்தனார் நிற்பார். அக்கா மகள் நீச்சல் கற்றுக்கொண்டால் எங்கள் மகளைத் தண்ணீரில் தள்ளிவிடுவோம். இதெல்லாம் போட்டி இல்லையாம், ஊக்கமாம். என் கணவர் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். தான் செய்கிற எதற்கும் அவரிடம் ஒரு நல்ல பெயர் தயாராக இருக்கும்.

இந்த முறை ஊக்கம் இரத்தத்தில் வந்தது. அத்தான் ஒரு கட்டுமானக் கம்பெனியில் சர்வேயர். வருஷா வருஷம் கம்பெனிச் செலவில் அவர்களுக்கு இரத்தப் பரிசோதனை உண்டு. ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வந்தவர், கை கழுவுவதற்கு முன்னாலேயே தன் வைட்டமின் டி அளவு தொண்ணூற்றைந்து என்று அறிவித்துவிட்டார். அந்தத் தொண்ணூற்றைந்தையும் தானே பெற்று வளர்த்த மாதிரி அக்கா பக்கத்தில் நின்று பூரித்தாள்.

அதற்கு முந்திய வாரம்தான் என் கணவரும் முழங்கால் வலி என்று போய் அதே பரிசோதனையைச் செய்துகொண்டு வந்திருந்தார். அவருக்கு முப்பத்தெட்டு. எங்கள் டாக்டர் அதைப் பார்த்துவிட்டு, அளவு நன்றாகவே இருக்கிறது, மாத்திரை எதுவும் வேண்டாம், தினமும் நடங்கள் என்று அனுப்பிவிட்டார். மாத்திரை வேண்டாம் என்று ஒரு டாக்டரே சொன்ன அதிசயத்தை வழியெல்லாம் சொல்லிச் சொல்லி மகிழ்ந்தார் மனிதர். அந்த மகிழ்ச்சிக்கு ஆயுசு ஒரு வாரம்தான்.

"உங்களுக்கு எவ்ளோ, சகலை?" என்று அத்தான் கேட்டார்.

என் கணவர் தட்டைப் பார்த்துக்கொண்டே, இன்னும் பரிசோதனை செய்யவில்லை என்றார். நான் வாயைத் திறக்கப் போனேன். மேசைக்கடியில் என் காலை மிதித்தார்.

அன்று சாயங்காலம் முழுக்கத் தன் ரிப்போர்ட்டையே வெறித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். முப்பத்தெட்டு வாங்கிய பிள்ளைகளின் பெற்றோரை வரவழைத்துக் கண்டிக்கிறவர் அவர். இப்போது அவரே முப்பத்தெட்டு. அது மதிப்பெண் இல்லை, டாக்டரே நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டாரே என்று எடுத்துச் சொன்னேன். உனக்குக் கணக்கு வராது என்று முடித்துவிட்டார்.

முதலில் வெயிலில் இறங்கினார். விடுமுறை நாட்களில் நட்ட நடு மத்தியானம் சட்டையைக் கழற்றிவிட்டு பால்கனியில் நிற்பார். முன்பக்கம் காய்ந்ததும் திரும்பி முதுகைக் காட்டுவார். எதிர் பால்கனிப் பெண்மணி இரண்டு நாள் பொறுத்துப் பார்த்துவிட்டுத் தடித்த திரையாக வாங்கி மாட்டிவிட்டாள். தோல் உரிந்ததுதான் மிச்சம்.

பிறகு மாத்திரைக்குத் தாவினார். வாரத்துக்கு ஒன்று போடுகிற பெரிய மாத்திரை. வாரம் ஒன்றுக்கு மேல் கூடாது என்று மருந்துக்கடைக்காரர் சொல்லித்தான் கொடுத்தார். எங்கள் வீட்டுக் கணித மேதை யோசித்தார். வாரம் ஒன்று போட்டு ஏழு வாரத்தில் ஏறுவது, தினம் ஒன்று போட்டால் ஒரே வாரத்தில் ஏறிவிடாதா? இது சரிதானா என்று கேட்டேன். வீடியோவில் ஒரு டாக்டர் சொன்னாராம். எதற்கான டாக்டர் என்றேன். வெள்ளைக் கோட்டு போட்டிருந்தார் என்றார்.

இரண்டு மாதம் கழித்து மறுபடி இரத்தம் கொடுத்தார். தொண்ணூற்றேழு. அன்றைக்கே அக்கா வீட்டுக்கு போன் போட்டு, குழாய் ரிப்பேர்காரரின் நம்பர் கேட்கிற சாக்கில் அதை நடுவில் நுழைத்தார். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அந்த மௌனத்தை என் கணவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டு ரசித்தார்.

சரி, ஜெயித்தாயிற்று, நிறுத்துவார் என்று நினைத்தேன். தொண்ணூற்றேழு வரை வந்துவிட்டு நூறு போடாமல் எந்தக் கணக்கு வாத்தியார் நிறுத்துவார்?

அதற்கப்புறம் அவருக்குத் தாகம் எடுக்க ஆரம்பித்தது. குடம் குடமாகத் தண்ணீர் குடித்தார், குடித்த வேகத்தில் கழிப்பறைக்கு ஓடினார். மலச்சிக்கல், குமட்டல், சாப்பாட்டைக் கண்டாலே முகச்சுளிப்பு. டாக்டரிடம் போவோம் என்று நான் கெஞ்சியதற்கு, உடம்பில் சத்து ஏறும்போது அப்படித்தான் இருக்கும் என்று விளக்கம் வேறு. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

ஒரு நாள் பரீட்சைத் தாள்களைத் திருத்திக்கொண்டிருந்தார். பேனா வெகுநேரமாக ஒரே இடத்தில் நின்றது. எட்டிப் பார்த்தேன். பன்னிரண்டும் ஒன்பதும் எவ்வளவு என்று என்னைக் கேட்டார். விளையாட்டுக்குக் கேட்கிறார் என்று நினைத்தேன். அவர் கண்ணில் விளையாட்டு இல்லை. தூக்கத்தில்கூடப் பெருக்கல் வாய்பாடு சொல்கிற மனிதர் அவர். உடனே வண்டி பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன்.

அங்கே சிறுநீரக டாக்டர், என் வயதுப் பெண், மாத்திரை ஏதாவது சாப்பிடுகிறீர்களா என்று கேட்டார். ஒன்றுமே இல்லை என்றார் இவர். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலை. நான் கைப்பையிலிருந்து காலி அட்டைகளை எடுத்து மேசையில் பரப்பினேன். டாக்டர் அவற்றைப் பார்த்துவிட்டு நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்துகொண்டார்.

இரத்தத்தில் வைட்டமின் டி நூற்று அறுபத்து நான்கு. அதனால் கால்சியம் கண்டபடி ஏறியிருந்தது, ஏறிய கால்சியம் சிறுநீரகத்தைப் பதம் பார்த்திருந்தது. மற்ற சில வைட்டமின்கள் மிஞ்சினால் சிறுநீரில் போய்விடும், இது போகாமல் கொழுப்பில் தங்கிவிடும், மாத்திரையை நிறுத்தினாலும் இறங்க மாதக்கணக்காகும் என்றார். பிறகு என்னை மட்டும் வராந்தாவுக்கு அழைத்தார்.

"சிறுநீரகம் இப்ப பாதிதான் வேலை செய்யுது. ட்ரிப்ஸ் ஏத்துறோம், கொஞ்சம் திரும்பி வரும். முழுசா வரும்னு என்னால சொல்ல முடியாது."

நான் அங்கேயே சுவரைப் பிடித்துக்கொண்டு அழுதேன். யாரைத் திட்டுவது என்றும் தெரியவில்லை. இரண்டு சகலைகளையும் திட்டினேன், அந்த வெள்ளைக் கோட்டையும் திட்டினேன்.

நாலைந்து நாளில் அவருக்குப் புத்தி தெளிந்தது. கூட்டல் திரும்பி வந்தது, கூடவே குதர்க்கமும் வந்தது. அப்போதுதான் அக்காவும் அத்தானும் பார்க்க வந்தார்கள். அத்தான் முகம் விளக்கெண்ணெய் குடித்த மாதிரி இருந்தது. சகலைக்காக வந்த கவலை என்று முதலில் நினைத்துவிட்டேன். டாக்டர் உள்ளே வந்ததும் அத்தான் தன் ரிப்போர்ட் இருந்த போனை நீட்டினார். தனக்கும் தொண்ணூற்றைந்து இருக்கிறதே, தானும் படுத்துக்கொள்ள வேண்டுமா என்று கேட்டார்.

டாக்டர் வாங்கிப் பார்த்தார். என் கணவரின் முதல் ரிப்போர்ட்டையும் கேட்டார். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது.

"இது வேற அலகு சார். உங்க லேப் நானோமோல்ல கொடுக்குது, இவரோட லேப் நானோகிராம்ல கொடுக்குது. எங்க கணக்குக்கு மாத்தணும்னா ரெண்டரையால வகுக்கணும்."

அறையில் யாரும் வகுக்கவில்லை, என் கணவரைத் தவிர. ட்ரிப்ஸ் ஊசி குத்தியிருந்த கையின் விரல் போர்வைமேல் அசைந்து நின்றது. தொண்ணூற்றைந்தை இரண்டரையால் வகுத்தால் முப்பத்தெட்டு. ஆரம்பத்திலிருந்தே இரண்டு பேரும் ஒன்றுதான். விடைக்குப் பக்கத்தில் அலகு எழுதாத பிள்ளைகளுக்கு அரை மதிப்பெண் குறைக்கிறவர் இவர். ஊருக்குத்தான் உபதேசம்.

தனக்கு ஆபத்தில்லை என்று அத்தான் சந்தோஷப்பட்டிருக்கலாம், படவில்லை. "அப்ப எனக்கும் வெறும் முப்பத்தெட்டுதானா?" என்று கேட்டு, போனைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டார். அக்கா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அதைப் பார்த்ததும் என் கணவர் முகத்தில் ஒரு தெம்பு வந்தது. தலையணையில் நிமிர்ந்து உட்கார்ந்தார். பாதிச் சிறுநீரகத்தோடு படுத்திருக்கிற மனிதர், சகலை காதில் விழும்படி டாக்டரிடம் கேட்டார்.

"இந்த நூத்தி அறுபத்து நாலு... இதுவரைக்கும் நீங்க பார்த்ததுலயே இதுதானே டாக்டர் அதிகம்?"

எழுந்து ஓர் அறை விடலாமா என்றிருந்தது எனக்கு. டாக்டர் கோபப்படவில்லை.

"இல்ல சார். உங்களைவிட அதிகமா ஒருத்தருக்கு இருந்துச்சு. இருநூறைத் தாண்டிடுச்சு."

"அவரு இப்ப எப்படி இருக்காரு?"

"இன்னிக்குக் கீழ் மாடியிலதான் இருக்காரு. வாரத்துக்கு மூணு நாள் டயாலிசிஸுக்கு வர்றாரு. பார்க்கணும்னா சொல்லுங்க, கூட்டிட்டுப் போகச் சொல்றேன்."

என் கணவர் பார்க்க வேண்டும் என்று சொல்லவில்லை. மறுபடி சரிந்து படுத்துக்கொண்டார். ஊசி இல்லாத கை போர்வைக்கு வெளியே வந்து என் கையைத் தேடியது. கல்யாணமான நாளிலிருந்து இந்த மனிதர் இரண்டாம் இடத்துக்கு ஒத்துக்கொண்டு நான் பார்த்ததில்லை.